மாமியார் மாத்திரையும் மருமகள் மாத்திரையும்

மாத்திரைப் பாக்கெட்டுகள் இரண்டு என் கவுண்டரில் பட்டென்று வந்து விழுந்தன. ஈப்போ பக்கத்து அரசாங்க கிளினிக்கில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு அப்போது. நர்ஸ் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் நான் மிஸ்ஸிதான்.

எதிரே பார்வதியம்மா, எங்கள் பழைய இனிப்புநீர் நோயாளி; சர்க்கரை வியாதியை இங்கே அப்படித்தான் சொல்வோம். பின்னால் அவர் மருமகள் சுமதி, அழுத முகத்தோடு. கல்யாணமாகி எட்டே மாதம்.

"என்னுதும் இவளோடதும் ஒரே மெட்ஃபார்மின் தானே மிஸ்ஸி? வருசக்கணக்கா முழுங்குறேன், எனக்குத் தெரியாதா? இனிப்புநீர மறைச்சி என் மகனுக்குக் கட்டி வச்சிட்டாங்க! இன்னிக்கே தெலுக் இந்தானுக்கு, இவ அம்மா வூட்டுக்கு அனுப்பப் போறேன்லா!"

எனக்குத் திக்கென்றது. சுமதியிடம் அதைக் கொடுத்தவள் நான்தான்.

"சொல்லட்டுமா?" என்று சுமதியைக் கேட்டேன். தலையாட்டினாள். இருவரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன்.

"இவங்களுக்கு இனிப்புநீர் இல்லம்மா, பிளட் டெஸ்ட்ல பாத்தாச்சி. இது பிசிஓஎஸ். ஹார்மோன் கோளாறு. உடம்புல இன்சுலின் சரியா வேல செய்யல, மாசாமாசம் வரவேண்டியது தள்ளித் தள்ளிப் போவுது. அதுக்கும் இந்த மாத்திர குடுப்பாங்க."

"அப்ப புள்ள?"

"பலருக்குப் பொறக்குதும்மா. அவசரப்படுத்தாதீங்க. தெனமும் நடக்கணும், சாப்பாட்டப் பாத்துக்கணும், இனிப்பான தே தாரேக் டீயக் கொறைக்கணும். ஒரேடியா போயிடும்னு சொல்ல மாட்டேன், கட்டுப்பாட்டுல வச்சிக்கலாம்."

பார்வதியம்மா மருமகள் பக்கம் திரும்பினார். "இத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கே இப்பதான் தெரியும் மாமி. டாக்டர் மலாய்ல வேகமா சொன்னாரு, புரியாமலே தலையாட்டிட்டேன். மிஸ்ஸி 'சாப்பாட்டுக்கு அப்பறம்'னு மட்டும் சொன்னாங்க."

எனக்கு முகம் சுட்டது. அன்றைக்கு வரிசை நீளம், எனக்கு அவசரம். என் அவசரத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே கவிழப் பார்த்திருக்கிறது.

சில மாதம் கழித்து ஒரு காலை. வாசலிலிருந்தே பார்வதியம்மாவின் குரல்!

"மிஸ்ஸி! வந்திருச்சி! ரெண்டு மாசமா தேதி தவறாம வருது!"

வெட்கத்தில் சுமதி அவர் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். காத்திருந்த அண்ணன் ஒருவர், லாட்டரி விழுந்ததென்று நினைத்து, "என்னா நம்பர்க்கா அடிச்சிச்சி?" என்று ஆவலாகக் கேட்க, கூடமே சிரித்தது. நான் கவுண்டரை விட்டு ஓடிப்போய் இருவரையும் கட்டிக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம்!

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். அந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை, "இது எதுக்குன்னு தெரியுமா?" என்று கேட்காமல் ஒரு பாக்கெட்டையும் நான் கொடுத்ததில்லை. வரிசை நீளுது என்று பாஸ் திட்டினார். நீளட்டும் என்று விட்டுவிட்டேன்.