விமானம் உடைக்காத சுவர்

எண்பதுகளில் கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் கோயிலின் தலைக்கு மேலேதான் போகும். இரைச்சலில் மந்திரமே காதில் விழாது. ரப்பர் தோட்டக் காலத்துச் சுண்ணாம்பு மண்டபம் அது. சுவரில் மூன்று விரிசல்கள் விட்டிருந்தன.

"ப்ளேன் அதிருது, சுவர் பிளக்குது. இடிச்சிட்டுப் புதுசா கட்டுவோம் லா," என்றார் கோயில் கமிட்டித் தலைவர். எனக்குக் கல்யாணம் நடந்த மண்டபம்! கமிட்டியில் கத்தித் தீர்த்தேன். கத்துவதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. விமானம் இல்லையென்றால் வேறு எதுதான் காரணம் என்று கேட்டார்கள். இன்னும் உரக்கக் கத்தினேன்.

அப்போதுதான் சுவரைப் பார்க்க, நகரத்துப் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்தார். கட்டட டெக்னீஷியன், என்னைவிட இளையவர். ஒரு சனிக்கிழமை, ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரு முனையையும் சாந்தால் ஒட்டினார். "சுவர் அசைஞ்சா இது உடைஞ்சிரும் அண்ணே," என்றார். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும், விமானம் போகும் நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்தார். விளக்குச் சங்கிலி நடுங்கியது, ஜன்னல் கடகடத்தது. வியாழன் வரை கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடேயப்பா, அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது!

வெள்ளிக்கிழமை பூஜையில் ஒரு கண்ணாடி பட்டென்று உடைந்தது. வானத்தில் விமானமே இல்லை. வெள்ளிதோறும் மோட்டாரில் ஓடும் மணி-மேள மெஷின் மட்டும் அதே சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. முந்தைய வருஷம் நான் வாங்கிக் கொடுத்தது அது. அதன் மேல் 'உபயம்' என்று அப்பா பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதி, சுவரில் துளை போட்டு போல்ட் முடுக்கியதும் நானேதான்.

"கை வச்சுப் பாருங்கண்ணே," என்றார் அந்தப் பெண். உள்ளங்கைக்குக் கீழே சுவர் கிடுகிடுவென்று ஆடியது. "ப்ளேன் பாவம் லா. இதைக் கழட்டுங்க, மண்டபம் நிக்கும்." சுற்றி வளைக்காமல், முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாளே ஏணி போட்டு நானே கழற்றினேன். அப்பா பெயரைக் கீழே இறக்கும்போது அழுகை வந்துவிட்டது. கீழிருந்து மெஷினை வாங்கிக்கொண்ட தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"எங்களுக்கு அப்பவே இந்த மெஷின் மேலதான் சந்தேகம். உங்க அப்பா உபயம் ஆச்சே, உங்க கோபமும் தெரியும். உங்ககிட்ட யாரு சொல்றது?"