மூன்றாம் எண் பொம்மையின் இடது கால்

மோட்டாரை நிறுத்தியாகிவிட்டது. குழாயைக் கழற்றியாகிவிட்டது. தொட்டியும் காலி. அப்படியும் மூன்றாம் எண் பொம்மையின் இடது தொடையிலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தது. கதை கட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது. போன ஆகஸ்டில், ஒரு புதன்கிழமை பகல் 2.10-க்கு, தட்டாஞ்சாவடியில் என் பட்டறையில் நடந்தது இது.

ராணுவ வீரர்களுக்குப் போர்க்கள முதலுதவி பழக்கும் ரப்பர் பொம்மைகள் செய்கிறேன். தொடைக்குள் ஒரு குழாய் ஓடும். காயத்துக்கு மேலே பட்டையை இறுக்கினால் குழாய் நசுங்கும், ரத்தம் நிற்கும். அந்த ரத்தம் கிளிசரினும் சிவப்புச் சாயமும்தான். நாறாது, உறையாது.

இது உறைந்தது. ஈரல் துண்டு மாதிரி விரலில் ஒட்டியது... வெதுவெதுப்பாக. மீன் கழுவிய தண்ணீர் நாலு நாள் தேங்கிய நாற்றம். ஈக்கள் வேறு. இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.

மறுநாள் காலை இருபது வீரர்கள் வருகிறார்கள். அடுத்த வாரம் எல்லைக்குப் போகிறவர்கள். கட்டியும் நிற்காத காலில் பழகினால் பட்டையையே நம்ப மாட்டார்கள்.

பயிற்சி தருபவர் மாக்சிம் உள்ளே வந்தார். எங்கள் ஊர்க்காரர்தான்; பிரெஞ்சு ராணுவத்தில் காயத்துக்குக் கட்டுப் போட்டே ஓய்வு பெற்றவர்.

"இன்னா செல்வா, பொம்மைக்கு உசுரு குடுத்துட்டியா?"

"மோந்து பாருங்க முசியே."

மோந்தார். சிரிப்பு போய்விட்டது. பட்டையை இறுக்கினார். இன்னொன்றும் கட்டினார். மணி 2.19.

டொக்... டொக்... தகரத் தட்டில்.

பொம்மைக்கு மாட்டியிருந்த பழைய ராணுவக் கால்சட்டையின் இடுப்பைத் திருப்பி, உள்ளே எழுதியிருந்த பெயரைப் பார்த்தார்.

"இது ஏது?"

"கோயிலுக்கு வர்ற மரி-லோர் அம்மா குடுத்தாங்க. பிரெஞ்சு ராணுவத்துல செத்துப்போன அவங்க புள்ளையோடது. பேரு ஜோர்தான்."

மாக்சிமின் மணிக்கட்டின் மேல் பொம்மையின் கை இருந்தது.

நான் வைக்கவில்லை.

"பேனா குடு."

பொம்மையின் நெற்றியில் எழுதினார். 2.19.

டொக்...

நின்றது.

"கட்டுன நேரத்த எழுதணும் செல்வா. எழுதலன்னா, எப்ப கட்டுனதுன்னு தெரியாம அடுத்த ஆளு அவுத்துப் பாப்பான்."

ஞாயிறு பூசை முடிந்து மரி-லோர் அம்மாவிடம் கேட்டேன். ஜோர்தானுக்கு ஆப்பிரிக்காவில் குண்டடி. இடது தொடை. பட்டை கட்டியிருந்தது, நேரம் எழுதவில்லை. எப்போது கட்டியது என்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் தளர்த்திப் பார்த்திருக்கிறார்கள். ரத்தம் பீறிட்டு... அவ்வளவுதான்.

கட்டியவர் பெயரும் சொன்னார். மாக்சிம்.

கால்சட்டையை மாற்றினேன். குழாயை மாற்றினேன். பயனில்லை, ரத்தம் மறுபடி வருகிறது. மூன்றாம் எண் இன்றும் பயிற்சிக்குப் போகிறது. பட்டை கட்டி, நெற்றியில் நேரம் எழுதினால்தான் ரத்தம் நிற்கும்.