ரஹீம் தலையசைக்காத பத்து நிமிடம்

1. இரண்டாவது தடவையும் போச்சு

ஸ்கேன் மெஷினை ஓட்டுகிற ஜோசப் சார் மைக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "போச்சு முருகேசு. இதுவும் போச்சு" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் ரஹீம் படுத்திருந்தான். அவனுக்கு அது இரண்டாவது தடவை. மூன்று தடவைக்கு மேல் யாரையும் படுக்க வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆராய்ச்சியின் விதி. மூன்றாவதும் கெட்டால் பட்டியலில் அவன் பேருக்குக் குறுக்கே கோடு விழும்.

கயல், பாரி, ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "ஸ்கேன் ரூம்" என்று சொல்லிவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அப்பா பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி தேனாம்பேட்டையில் இருக்கிறது. ஸ்கேனுக்கு வருகிறவர்களின் பெல்ட், சாவி, ஹேர்பின், ஊக்கு எல்லாவற்றையும் வாங்கி டிரேயில் வைப்பது என் வேலை. உள்ளே இருப்பது பெரிய காந்தம். ஒரு சின்ன ஊக்கைக்கூட விடாது, இழுத்துக்கொள்ளும். அப்புறம் அவர்களைப் படுக்க வைத்து, காதில் அடைப்பான் வைப்பேன். தலைக்கு இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு. முகத்துக்கு மேல் காயில் என்கிற கூண்டு. கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பேன். பயமாக இருந்தாலோ, வேண்டாம் என்று தோன்றினாலோ பந்தை அமுக்கினால் போதும், உடனே வெளியே எடுத்துவிடுவோம். சிலருக்குத் துணையாக நானும் காதை அடைத்துக்கொண்டு உள்ளேயே கால் பக்கம் நிற்பேன்.

2. டாக்டர் அம்மா எதைத் தேடுகிறார்

டாக்டர் வசந்தா செய்யும் ஆராய்ச்சி ஸ்கிசோஃப்ரினியா பற்றியது. தமிழில் மனச்சிதைவு நோய் என்பார்கள். இந்த நோய் வந்தவர்களில் சிலருக்குப் பக்கத்தில் ஆள் இல்லாமலே குரல் கேட்கும். பொய்யாகச் சொல்வதில்லை. நம் காதில் பஸ் ஹாரன் விழுகிற மாதிரியே அவர்களுக்கு அது விழும். தெருவில் சிலர் இவர்களை "மெண்டல்" என்பார்கள். நம் வீட்டில் அந்த வார்த்தை வரக் கூடாது.

"இந்த மெஷின்ல அப்படி என்னம்மா பாக்கறீங்க?" என்று ஒரு நாள் டாக்டரைக் கேட்டேன்.

"சும்மா படுத்திருந்தாலும் மூளைக்குள்ள வேலை நடந்துக்கிட்டே இருக்கும் முருகேசன். ஒரு இடத்துல வேலை ஏறும்போது வேற எந்த இடத்துல ஏறுது, இறங்கும்போது எங்க இறங்குதுன்னு பாக்கறோம். சேர்ந்து ஏறி இறங்கினா ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னு அர்த்தம். குரல் கேக்கறவங்களுக்கு அந்தத் தொடர்பு எங்க மாறியிருக்குன்னு தெரிஞ்சுக்கணும்."

எனக்கு உடனே லஸ் கார்னர் சிக்னல்தான் ஞாபகம் வந்தது. லஸ்ஸில் வண்டி நின்றால் கொஞ்ச நேரத்தில் மந்தவெளியிலும் நிற்கிறது. லஸ்ஸில் நகர்ந்தால் அங்கேயும் நகர்கிறது. அப்போது இரண்டுக்கும் நடுவில் ரோடு இருக்கிறது என்று ரோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இதைச் சொன்னதும் டாக்டர் அம்மா சிரித்து, "இதை நான் கிளாஸ்ல சொல்லப் போறேன்" என்றார்.

ஆனால் படம் எடுக்கிற பத்து நிமிடமும் தலை அசையக் கூடாது. படம் பிடிக்கிற கேமரா ஆடினால் லஸ், மந்தவெளி, அடையாறு எல்லாமே சேர்ந்து ஆடுகிற மாதிரிதானே தெரியும்? இல்லாத ரோடெல்லாம் இருப்பதாகத் தோன்றும். ஒரு அரிசி அளவு அசைவே அதிகம்.

3. ஆளுக்கு ஒரு யோசனை

ரஹீமுக்கு இருபத்தேழு வயது. ராயப்பேட்டைப் பக்கம் வீடு. தி.நகரில் பெரிய புடவைக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவன். குரல் கேட்க ஆரம்பித்த பிறகு கடை வேலை நின்றுபோனது. மாத்திரை சாப்பிட்டதில் தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காகிவிட்டன. குரல் மட்டும் குறையவில்லை.

அவன் அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ரஹீம் வெளியே வந்ததும் என்னைத்தான் கேட்டார். "இன்னா தம்பி, ஆச்சா?"

"இல்லமா. கொஞ்சம் அசைஞ்சிட்டாரு."

"படுக்கச் சொன்னாகூட இவனால ஒழுங்கா படுக்க முடியலையே, அல்லா!"

ரஹீம் செருப்பை மாட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு தடவை இருக்குல்லண்ணா?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்துவிட்டது. யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு வேலையாவது முழுதாக முடிக்க வேண்டும் என்று அவனே நினைத்தான்.

உள்ளே ஜோசப் சார், "ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாமே மேடம்" என்றார்.

"தூங்கற மூளை வேற, முழிச்சிருக்கற மூளை வேற ஜோசப்."

"அப்போ ரஹீமை விட்டுடுவோம். வேற ஆளா இல்ல?"

டாக்டர் அம்மா குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை. அன்று உயர்த்தினார். "இவரோட சேர்த்து ஆறாவது ஆளு. அசையறவங்க எல்லாருமே குரல் அதிகமா கேக்கறவங்க. அவங்களை எல்லாம் தூக்கிட்டு, அமைதியா படுக்கறவங்களை மட்டும் வெச்சுக்கிட்டா, நான் யாரைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்?"

நானும் ஒரு யோசனை சொன்னேன். ரஹீம் சும்மா ஆடவில்லை. நெற்றி லேசாகக் கீழே போய் மேலே வரும். யாருக்கோ "சரிங்க" என்று தலையாட்டுகிற மாதிரி இருந்தது. குரலுக்குத்தான் பதில் சொல்கிறான் என்று எனக்குப் பட்டது. "தலைக்கு பதிலா கால் கட்டை விரலை ஆட்டச் சொல்லலாமாம்மா?"

"நல்லாத்தான் யோசிக்கிறீங்க. ஆனா விரலை ஆட்டினா, அதுக்கான இடம் மூளையில வேலை செய்ய ஆரம்பிச்சுடும். மனசுக்குள்ள எதை வேணா நினைக்கட்டும், அது எல்லாரும் செய்யறதுதான். உடம்பு மட்டும் சும்மா இருக்கணும்."

என் யோசனை அத்தோடு போச்சு.

4. பட்டுப்புடவை செக்‌ஷன்

மூன்றாவது தடவைக்கு ரஹீம் அரை மணி முன்பே வந்துவிட்டான். அவன் பெல்ட்டை வாங்கி டிரேயில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ரஹீமு, உள்ள யாருப்பா உன்கிட்ட பேசறது?"

அதுவரை யாரும் அவனிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை போல. என் பக்கம் திரும்பினான். "ரெண்டு மூணு பொம்பளைங்கண்ணா. மெஷின் சத்தம் வந்தா ஜாஸ்தியா கத்துவாங்க. 'எதுக்கு வந்த? உன்னால முடியுமா? எழுந்து போ'னு கேட்டுக்கினே இருப்பாங்க."

"நீ இன்னா பண்ணுவ?"

"தலைய ஆட்டிடுவேன். பதில் சொல்லலைன்னா இன்னும் கத்துவாங்க."

பேச்சை மாற்றத்தான் கடையைப் பற்றிக் கேட்டேன். "தீபாவளி சமயத்துல உங்க கடையில கூட்டம் தாங்காதே. எப்படிப்பா சமாளிச்ச?"

அவன் முகமே மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. "பட்டு செக்‌ஷன்ணா! ஒரே நேரத்துல எட்டு பேரு உக்காந்துக்கினு 'அத எடு, இத எடு'ம்பாங்க. தனித்தனியா பதில் சொன்னா செத்தோம். முதல்லயே எல்லார் மூஞ்சியையும் ஒரு தடவை பாக்கணும். 'அக்கா உக்காருங்க, இவங்கள முடிச்சிட்டு நேரா உங்ககிட்டதான் வரேன்'னு சொல்லிடணும். அவ்ளோதான், உக்காந்துடுவாங்க. கண்டுக்காம வுட்டாதான் கத்துவாங்க."

சொல்லிவிட்டு அப்படியே நின்றான். கையில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா."

"இன்னாப்பா?"

"உள்ள பேசற இவங்ககிட்ட நான் அத சொன்னதே இல்ல."

நான் டாக்டர் அம்மாவைத் தேடி ஓடினேன். அவர் வந்து ரஹீம் சொன்னதை முழுதாகக் கேட்டார். "சொல்லிப் பாருங்க ரஹீம். மெஷின் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க" என்றார்.

"ஆனா மேடம், வரேன்னு சொன்னா வரணும். கஸ்டமரை ஏமாத்தினா அடுத்த தடவை உக்கார மாட்டாங்க. முடிஞ்சதும் எனக்குக் கொஞ்ச நேரம் தனியா வேணும்."

"எடுத்துக்கங்க. யாரும் தொந்தரவு பண்ண மாட்டோம்."

5. கோடு

கூண்டை மாட்டுவதற்கு முன் ரஹீம் கண்ணை மூடி, முணுமுணுவென்று எதையோ சொன்னான். அப்புறம், "ரெடிண்ணா" என்றான்.

நான் கால் பக்கம் நின்றேன். மெஷின் டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. முதல் நிமிடம் அவன் நெற்றியை விட்டு என் கண் நகரவில்லை. அசைவு இல்லை. மூன்றாவது நிமிடம், போன இரண்டு தடவையும் இங்கேதான் கெட்டது. அசைவு இல்லை. ஏழாவது நிமிடத்தில் அவன் விரல்கள் ரப்பர் பந்தை இறுக்க ஆரம்பித்தன. இதுவும் போச்சு என்றே நினைத்தேன். பந்தை அமுக்கினால் ஜோசப் சார் நிறுத்தித்தான் ஆகவேண்டும். அவன் உதடு மூடியபடியே இருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அதற்குள் நான்தான் வேர்த்துப்போயிருந்தேன். அந்த ரூமில் ஏசி எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

சத்தம் நின்றது. கதவு படாரென்று திறந்தது. டீ வந்தால்கூட நாற்காலியை விட்டு எழாத ஜோசப் சார் ஓடி வந்தார்.

"டேய் முருகேசு, வந்து கோட்டைப் பாருடா!"

தலை அசைந்தால் கம்ப்யூட்டரில் கோடு மேலும் கீழும் குதிக்கும். ரஹீமின் கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி கிடந்தது. ஆராய்ச்சி ஆரம்பித்தபோது நோய் இல்லாதவர்களின் படமும் வேண்டுமென்று ஜோசப் சாரும் ஒரு தடவை படுத்திருந்தார். டாக்டர் அம்மா அந்தக் கோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது கொஞ்சம் நெளிந்துதான் இருந்தது.

"அன்னைக்கு எனக்கு மூக்கு அரிச்சுது மேடம்" என்றார் ஜோசப் சார். நாங்கள் சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டிருக்கும்.

ரஹீம் வெளியே வந்து நேராக மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அவன் அம்மா எழுந்து, "வா பேட்டா, போலாம்" என்றார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இரும்மா. அவருக்குக் கஸ்டமர் காத்துக்கினு இருக்காங்க."

"யாரு தம்பி?"

"அப்புறம் சொல்றேன். உங்க பையன் படம்தான் இந்த ஆராய்ச்சியிலயே நல்ல படம். டாக்டர் அம்மாவே சொன்னாங்க."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகனைப் பார்த்தபடி நின்றார். ரஹீம் பேச வேண்டியதைப் பேசி முடித்து, பதினைந்து நிமிடம் கழித்து எழுந்து வந்தான்.

6. படிவத்தில் ஒரு கேள்வி

குரல் அத்தோடு போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேன் வைத்தியம் இல்லை, அது படம் மட்டும்தான். ரஹீம் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறான். ஆனால் எந்த நேரத்தில் பேசலாம் என்பதை இப்போது பெரும்பாலும் அவன்தான் முடிவு செய்கிறானாம்.

டாக்டர் அம்மா விடவில்லை. ஆராய்ச்சிக் கமிட்டியிடம் எழுதிக் கேட்டு, பேரில் கோடு விழுந்த ஐந்து பேரையும் திரும்பக் கூப்பிட்டார். ரஹீமே வந்து வராந்தாவில் உட்கார்ந்து அவர்களிடம் பேசினான். அவன் சொன்ன வரி மற்றவர்களுக்கு அப்படியே பொருந்தவில்லை. சாந்தோமிலிருந்து வந்த ஒரு டீச்சர் அம்மா, "எல்லாரும் கையைக் கீழ போடுங்க, பாடம் முடிஞ்சதும் கேக்கறேன்" என்று தன் குரல்களிடம் சொன்னாராம். கோடு நேராக வந்தது. ஐந்தில் மூன்று பேருக்கு வந்தது. இரண்டு பேருக்கு வரவில்லை. அவர்களுக்கு வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனை வருடம் நான் எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "அசையாதீங்க, அசையாதீங்க." ஏன் அசைகிறீர்கள் என்று ஒருத்தரைக்கூடக் கேட்டதில்லை. கேட்ட அன்றைக்கே பதில் கிடைத்தது. அது அவன் முன்பு கடையில் செய்துவந்த வேலைக்குள்ளேயே இருந்தது.

டாக்டர் அம்மா ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டி, "நீங்க கேட்ட மாதிரியே எழுதிக் கொடுங்க முருகேசன். எல்லாரையும் கேக்கணும்" என்றார். நான் இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதினேன். இப்போது ஸ்கேனுக்கு வருகிற ஒவ்வொருவரும் நிரப்புகிற படிவத்தில் அது அச்சாகியிருக்கிறது: "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்? ஒரே நேரத்தில் பல பேர் உங்களைக் கூப்பிட்டால் எப்படிச் சமாளித்தீர்கள்?"

பெரிய டாக்டர்கள் எழுதிய கேள்விகளுக்கு நடுவில் இருக்கிறது. அப்பா எழுதியது.