சாம்பியனைச் சாய்த்த இரண்டு பேரும் நானும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு என் பெயர் எழுதிய லாரிகள் குமுளி மலையில் ஏறி இறங்குகின்றன. பாறை என்று சொல்லி மூன்று பேர் கைவிட்டுப் போன நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தேன். ஓடாத மில்லை வாங்குகிறான் பைத்தியக்காரன் என்று அல்லிநகரமே சிரித்தது. அதே மில்லில் கடலை ஆட்டி அதே அல்லிநகரத்துக்கு எண்ணெய் விற்றேன். படித்தவன் எவனும் வந்து எனக்கு வழி காட்டவில்லை. எல்லாம் இந்த இரண்டு கையாலே கட்டியது.

கட்டியதைச் சொன்னவன் இடித்ததையும் சொல்ல வேண்டும். அது நடந்தபோது எனக்குப் பத்து வயது.

அந்தக் காலத்தில் சித்திரை மாதம் வீரபாண்டித் திருவிழாவுக்கு ராட்டினம், வளையல் கடை, பொரிகடலை எல்லாவற்றோடும் ஒரு குத்துச்சண்டைக் கொட்டகையும் வரும். கொட்டகைக்குச் சொந்தமான சாம்பியன் ஒருவர் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்துக்காரர். பட்டாளத்தில் இருந்தவர். ஊர்க்காரன் எவன் வேண்டுமானாலும் அவரோடு மோதலாம், ஆனால் ஹெவிவெயிட் ஆளாக இருக்க வேண்டும். பஞ்சுப் பொதி நிறுக்கிற தராசைக் கொட்டகை வாசலில் கட்டி வைத்திருப்பார்கள். அதில் ஏறித் தட்டு இறங்கினால்தான் உள்ளே விடுவார்கள். ஐந்து வருடம் கம்பம் பள்ளத்தாக்கின் கொழுத்த ஆள்கள் எல்லாம் அந்தத் தராசில் ஏறினார்கள், உள்ளே போனார்கள், விழுந்தார்கள். அவரைச் சாய்க்க ஆளில்லை என்றே ஆகிவிட்டது.

ஆறாவது வருடம் என் தாய்மாமன் சாய்த்தார். தேவாரத்துக்காரர், சொந்தத் தோட்டம், ஆறடி ஆள். முதல் ரவுண்டிலேயே ஒரே குத்து. சாம்பியன் மல்லாந்து விழுந்தார். மாமாவை மாட்டு வண்டியில் ஏற்றி மேளத்தோடு தேவாரம் வரைக்கும் கொண்டுபோனார்கள்.

அடுத்த வருடம் என் சித்தப்பா சாய்த்தார். அப்பாவுக்கு இளையவர், எங்களோடுதான் இருந்தார், பஞ்சு ஜின்னிங் மில்லில் பொதி ஏற்றுகிற வேலை. ஆள் குட்டை, தோள் மட்டும் கதவு அகலம். எடை கொஞ்சம் குறைகிறது என்றதும் தராசுக்குப் பக்கத்திலேயே நின்று இரண்டு செம்பு கம்மங்கூழை மடக் மடக்கென்று குடித்துவிட்டு மறுபடி ஏறினார். தட்டு இறங்கியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. உள்ளே போனவர் மூன்று ரவுண்டும் நின்றார். முதல் இரண்டு ரவுண்டில் சாம்பியனைப் புரட்டி எடுத்தார். மூன்றாவது ரவுண்டில் ஏனோ அவரைச் சுற்றிச் சுற்றியே வந்தார், அடி குறைந்துவிட்டது. கடைசியில் ரெஃப்ரி சித்தப்பாவின் கையைத்தான் தூக்கினார்.

ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வெற்றி. அதில் எது பெரிய வெற்றி என்று பேச்சுக் கிளம்பியது.

தேவாரத்துப் பக்கம் சொன்னது: யாரும் சாய்க்காத ஆளைச் சாய்த்தது மாமா. ஒருதடவை விழுந்த மரத்தை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். எங்கள் பக்கம் சொன்னது: மாமா குத்தியபோது சாம்பியன் மெத்தனமாக நின்றார், வருகிற ஆளை மதிக்கவில்லை. சித்தப்பாவிடம் ஒரு வருட ரோஷத்தோடு வந்தார், அந்த ரோஷத்தைத் தாங்கி நின்று ஜெயிப்பதுதான் ஜெயிப்பு. அதற்கு அவர்கள், “கூழு ஜெயிச்சுச்சுன்னு சொல்லுங்க” என்றார்கள். அதற்கு இவர்கள், “ஒங்காளு குத்துனப்ப சாம்பியன் கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தாகளாம்ல” என்றார்கள்.

இது வெறும் வாய்ச்சண்டையாக இருந்திருந்தால் திருவிழாவோடு போயிருக்கும். ஆனால் மாமாவின் தங்கை, அதாவது என் அம்மாவுக்கு இளையவள், எனக்குச் சின்னம்மா, அவளைச் சித்தப்பாவுக்குக் கொடுக்கிற பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் வாழப் போகிறார்கள் என்று அம்மா பூரித்துக் கிடந்தாள். எனக்கு அதைவிடப் பூரிப்பு. சின்னம்மா வந்தால் மடி நிறையக் கொய்யாக்காய் கொண்டுவருவாள். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு மலையில் தெரிகிற ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு கதை சொல்லுவாள். அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாள் என்றதும் என் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய் போட இடம் இருக்கிறதா என்று நான் சாண் போட்டு அளந்து பார்த்தவன்.

நாள் குறிக்க வந்த மாமா சித்தப்பாவைப் பார்த்ததும் ஆரம்பித்தார். “என்ன மச்சான், நான் ஒரு குத்துல முடிச்ச வேலைய நீ மூணு ரவுண்டு இழுத்தியாம்ல?”

சித்தப்பா சிரித்தார். “ஒங்க கைக்கு அவ்வளவு அவசரம் மச்சான். என் கைக்குப் பொறுமை.”

கூட வந்தவர்கள் சிரித்ததும் மாமாவின் முகம் மாறிவிட்டது. சிரிப்பு தன் பக்கம் இல்லை என்று தெரிந்தால் அவருக்குப் பொறுக்காது. பேச்சு தடித்தது. நாள் குறிக்கிற பேச்சே நின்று போயிற்று. அம்மாதான் அடுப்படியிலிருந்து வந்து கத்தினாள்.

“ஏண்ணே, அடி வாங்குன மனுசன் அங்கன வீரபாண்டியிலதான் குத்தவச்சிருக்காக. யாரு அடி பெருசுன்னு அவுககிட்டயே கேட்டுத் தொலைங்களேன்!”

மாமா உடனே ஒப்புக்கொண்டார். அந்த ஆள் எதைச் சொல்கிறானோ அதோடு வாயை மூடிக்கொள்கிறேன், மறுநாளே நாள் குறிக்கலாம் என்றார். ஆனால் போவது யார்? மாமா போனால் பயந்து சொன்னான் என்பார்கள். சித்தப்பா போனால் கெஞ்சி வாங்கி வந்தான் என்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமி முன்னால் வெள்ளைப்பூ, செவப்புப்பூ பொட்டலம் கட்டிப் போட்டுச் சம்மதம் கேட்கிறபோது, பொட்டலத்தை எடுக்கச் சிறுபிள்ளையைத்தான் விடுவார்கள். பிள்ளைக்குக் கள்ளம் தெரியாது என்று நம்பிக்கை. இரண்டு வீட்டு ரத்தமும் ஓடுகிற பிள்ளை நான். என்னை அனுப்புவதென்று முடிவாயிற்று.

“பிள்ளைய எதுக்கு அனுப்புறீக, விட்ருங்க மச்சான்” என்று சித்தப்பா மட்டும் இரண்டு தடவை சொன்னார். யாரும் கேட்கவில்லை. பயப்படுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் காலையில் வண்டி பாதி, நடை பாதியாக வீரபாண்டி போய்ச் சேர்ந்தேன். சாம்பியன் கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். கைக்குக் கட்டுகிற துணிகளைத் துவைத்து முள்வேலியில் உலர்த்தியிருந்தார். இடது கண் வீங்கி மூடியிருந்தது. நான் அந்தப் பக்கமாகப் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கூப்பிட்ட பிறகுதான் தலையை முழுக்கத் திருப்பினார்.

யார் பிள்ளை என்று சொன்னேன். வந்த காரியத்தையும் சொன்னேன். சிரித்துவிட்டு, எனக்கும் ஒரு சிரட்டையில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார்.

“நின்றெ மாமன் அடி நல்ல அடி மோனே. விழுந்ததே எனக்குத் தெரியாது. முழிச்சா மேல கொட்டகை தெரியுது. சித்தப்பன்…” என்று சொல்லிக் கரண்டியைக் கீழே வைத்தார். “ரெண்டாவது ரவுண்டு முடியிறப்ப இந்தக் கண்ணு அடைஞ்சுபோச்சு. வெளிய நின்ன யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கமா வந்து ஒண்ணு கொடுத்திருந்தா நான் எந்திரிச்சிருக்க மாட்டேன். அவன் அதப் பார்த்துட்டான். பார்த்தும் இந்தப் பக்கம் அடிக்கவே இல்ல மோனே. பார்க்கிற கண்ணு முன்னாலேயே சுத்தி வந்து நின்னான்.”

இன்னும் ஏதோ சொல்ல வந்தவர் கஞ்சி பொங்கவும் அடுப்பைத் தணிக்கத் திரும்பிவிட்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். வீட்டில் அப்பா, மாமா, அவரோடு வந்தவர்கள், மில்லில் பொதி ஏற்றுகிறவர்கள் என்று கூடம் நிறைய ஆள்கள். நான் நுழைந்ததும் அத்தனை வாயும் மூடியது. பெரிய மனிதர்கள் எல்லாம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படி யாரும் அதுவரை என்னைப் பார்த்ததில்லை.

மாமா அடித்தது நல்ல அடி, விழுந்ததே தெரியவில்லையாம் என்றேன். தேவாரத்து ஆள்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் என் தலைக்கு ஏறிவிட்டது. மனப்பாடம் செய்ததில் மிச்சம் எல்லாம் சுருங்கி ஒரு வரியாக வெளியே வந்தது.

“சித்தப்பா மூணாவது ரவுண்டுல அடிக்கவே இல்லையாம்.”

“கேட்டீகளா!” மாமா துள்ளி எழுந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். “நான் அன்னிக்கே நெனச்சேன். சும்மா சுத்திச் சுத்தி வந்தப்பவே நெனச்சேன். ரெண்டு பேரும் சொல்லிவச்சு ஆடுன ஆட்டம்!”

அத்தனை பேரும் மூன்றாவது ரவுண்டைக் கண்ணால் பார்த்தவர்கள். சரியாக ஒட்டிக்கொண்டது. அப்பாகூடத் தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

“ஏலே, வேற ஏதாச்சும் சொன்னாகளா?”

மாமாவின் தோள் உயரமாக இருந்தது. இறங்க மனசு வரவில்லை. “இல்ல” என்றேன்.

“சரி” என்றார்.

சொல்லிவச்சு ஆடினவனுக்கு என் தங்கையைக் கொடுக்க மாட்டேன் என்று மாமா அன்றே கிளம்பிவிட்டார். சித்தப்பா அந்த வாரமே ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலை ஏறினார். இரண்டு கடிதம் வந்தது. இரண்டாவது கடிதத்தில், பயல் நல்லாப் படிக்கிறானா என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சின்னம்மாவை அனுமந்தன்பட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். நல்லபடியாக வாழ்ந்தாள். நான் போகும்போதெல்லாம் சோறு போட்டு வீட்டில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பாள். ஒருவரைத் தவிர.

நான் லாரி ஓட்டப் போனதே அந்த மலைகளுக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. வண்டன்மேடு, நெடுங்கண்டம், எங்கே வண்டி நின்றாலும் மூட்டை தூக்குகிறவர்களின் தோளைப் பார்ப்பேன். கதவு அகலத் தோள் ஒன்று தெரிந்தால் முன்னால் ஓடிப்போய் முகத்தைப் பார்ப்பேன். முப்பது வருடம் பார்த்தேன்.

ஒருநாள் குமுளி இறக்கத்தில் குளவி கொட்டி என் இடது கண் மூடிக்கொண்டது. சரக்கோடு ஒற்றைக் கண்ணால் இறங்கினேன். அந்தப் பக்கம் மரம் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, எதிரே வண்டி வருகிறதா, எதுவும் தெரியாது. கீழே வந்து வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன்.

சித்தப்பா அன்றைக்கு வாய் திறந்து, அந்த ஆளுக்கு இடது கண் அடைத்துவிட்டது, அதனால்தான் அடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருப்பாள். ஆனால் பொழுது சாய்வதற்குள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்திருக்கும். திருவிழா முடிவதற்குள் தராசில் ஏறுகிற ஒவ்வொருவனும் அந்தக் கண்ணைக் குறிவைத்திருப்பான். வேற ஏதாச்சும் சொன்னாகளா என்று அவர் கேட்டது தனக்காக இல்லை, அந்தக் கண் விஷயம் வெளியே வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான். நான் இல்லை என்றதும் சொன்ன அந்தச் ‘சரி’யைத் தோற்றவனின் சொல் என்றே நினைத்துக்கொண்டு, பத்து வயதில் நான் மாமாவின் தோள்மேல் உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கும் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் அந்தச் சண்டைப் பேச்சு வந்தால் மாமாவின் ஒரு குத்தைப் பெருமையாகச் சொல்கிறார்கள். சித்தப்பாவை, சொல்லிவச்சு ஆடினவர் என்கிறார்கள். மாமாவின் பெருமையைக் குறைக்க நான் கேட்கவில்லை. அது அவருடையது, இருக்கட்டும். ஆனால் இனிமேல் பேசுகிறவர்கள் முழுக்கப் பேச வேண்டும். சாம்பியனை இரண்டாவதாகச் சாய்த்தவர் யாரோடும் சொல்லிவைக்காமல், கை நிறைய அடியை மிச்சம் வைத்துக்கொண்டு ஜெயித்தார். அவர் பேரைக் கெடுத்தது சாம்பியனும் இல்லை, மாமாவும் இல்லை. அந்த வேலையைச் செய்தவன் நான். வேறு எவனும் கூட இல்லை, தனியாகவே செய்தேன். அதை என் பேரில் எழுதுங்கள்.