வள்ளியம்மாள் வீடு வரை

போன வாரம் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தால் உடனே எடுக்க மாட்டேன். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று சொந்தபந்தம் முழுக்க மனசுக்குள் ஒரு சுற்று போய் வந்த பிறகுதான் எடுப்பேன். பேசியது வள்ளியக்காவின் மகள், நான் சுவரில் போர்டு எழுதிப் பிழைத்த காலத்துப் பழக்கம். பழைய வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறார்களாம். தெருப்பக்கத்துச் சுவரைச் சுரண்டினால் பெயிண்டுக்கு அடியிலிருந்து என் எழுத்து வருகிறதாம். "வந்து பாத்துட்டுப் போங்கண்ணா, நாளைக்கு செவுரு இருக்காது" என்றது அந்தப் பெண்.

போனேன். நனைந்த சுண்ணாம்பும் பழைய எனாமலும் கலந்த வாசனை தெருமுனையிலேயே வந்துவிட்டது. அந்த வாசனையைப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தால் காசு கொடுத்து வாங்குகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சுவரில் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சமிருந்த இடத்தில் நீல எழுத்தில் "வீடு வரை" என்று தெரிந்தது. அதற்குக் கீழே வலது மூலையில், கொஞ்சம் சாய்வாக, என் பெயரும் பக்கத்தில் "ஆர்ட்ஸ்" என்றும். ஆர்ட்ஸாம்! ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு அந்த வயதில் இருந்த தைரியத்தைப் பாருங்கள்.

அந்தத் தைரியம் எழுத்தில் மட்டும்தான். மற்றபடி நான் பூட்டிய சைக்கிளைத் திரும்பி வந்து ஆட்டிப் பார்க்கிற ரகம். அப்பா தறியில் உட்காரவைத்துப் பார்த்தார். இழை அறுந்துவிடுமோ அறுந்துவிடுமோ என்று பயந்தே அறுத்துவிடுவேன். பட்டின் விலைக்கு என் பயம் கட்டுப்படியாகாது என்று எழுப்பி அனுப்பிவிட்டார். கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தது. அதனால் பெயிண்டர் ஆனேன். சுவரில் தப்பு செய்தால் துடைத்துவிடலாம் அல்லவா, அதுதான் காரணம்.

பெயிண்டர் என்றால் வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறவன் இல்லை, எழுத்து எழுதுகிறவன். டிஜிட்டல் பேனர் வராத காலம் அது. எங்கள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்ச் சேரக்கூடிய ஒரு பேரூராட்சியில் எனக்கு நிரந்தர வேலை மாதிரி ஒன்று இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது. தெருவில் குழாய் போட்டாலும் சின்னப் பாலம் கட்டினாலும், வேலை முடிந்ததும் பக்கத்துச் சுவரில் ஒரு போர்டு எழுத வேண்டும். என்ன திட்டம், என்ன மதிப்பீடு, எங்கே ஆரம்பித்து எதுவரை. எழுதின போர்டும் முடிந்த வேலையும் ஒரே போட்டோவில் விழ வேண்டும். அந்தப் போட்டோ இல்லாமல் பில் நகராது. கவர்ன்மெண்டு பணம் என் பிரஷ் நுனியைத் தாண்டித்தான் போயிற்று என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பிரஷ்ஷே பிடித்திருக்க மாட்டேன்.

சுவரில் நேர்கோடு போடுவதற்கு என் மனைவி சுமதி கூட வருவாள். வீட்டில் தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்றுகிறவள். கழிவுப் பட்டு நூலை முறுக்கி நீலப்பொடியில் தோய்த்து ஆளுக்கொரு முனையில் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால், கோடு மயிரிழை மாதிரி விழும். சணல் கயிற்றில் அப்படி வராது. கோடு போடும்போதே என்னைத் திட்டிக்கொண்டும் இருப்பாள். இரண்டு வேலையிலும் கை தேர்ந்தவள்.

அந்த ஊரில் ஒரு நெசவாளர் தெரு. மேல்முனையில் மாரியம்மன் கோயில், பள்ளத்தில் குளம். ஐப்பசி மழையில் மேட்டுத் தண்ணீரெல்லாம் தெருவோடு இறங்கி வீடுகளுக்குள் போய்விடும். தறிக்குழி தெரியும்தானே, நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற பள்ளம். வீட்டிலேயே தாழ்ந்த இடம் அதுதான், தண்ணீர் முதலில் அங்கேதான் போகும். தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூல் ஈரம் வாங்கினால் அந்தச் சேலை அவ்வளவுதான். நஷ்டம் நெய்கிறவர் தலையில். பல வருஷம் மனு கொடுத்துக் கடைசியில் கோயில் முதல் குளம் வரை மழைநீர்க் கால்வாய் சாங்ஷன் ஆயிற்று. வேலை எடுத்தவர் பூபாலன் என்கிற கான்ட்ராக்டர். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம், யாரைக் கண்டாலும் டீ வாங்கிக்கொடுப்பார்.

போர்டு எழுதச் சொல்லி ஆள் வந்ததும் போனேன். வழக்கம்போல எழுதுவதற்கு முன் ஒரு நடை நடந்து பார்த்தேன். இது என் நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள், பயம். ஒரு தரம் கவுன்சிலர் இன்ஷியலைத் தப்பாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து எதையும் கண்ணால் பார்க்காமல் எழுதுவதில்லை. கால்வாய் நன்றாகத்தான் இறங்கி வந்தது. தெரு பாதியில், வள்ளியக்கா வீட்டு வாசலில், நின்றுவிட்டது. அதற்கப்புறம் வெறும் மண். மேட்டுத் தண்ணீர் இனிமேல் ஒழுங்காகச் சேர்ந்து வந்து அங்கே கொட்டும். கால்வாய் இல்லாமல் இருந்ததைவிட இது மோசம்.

வள்ளியக்கா வாசலில் உட்கார்ந்து நூலுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். புருஷன் போன பிறகு தனி ஆளாகத் தறி ஓட்டியவர். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"குளம் வரைக்கும்னு எழுத வந்திருக்கியா? எழுதிட்டுப் போ. போன தபா குழாய்க்கும் இப்டித்தான் எழுதிட்டுப் போனாங்க. ஆபீசுல போயி கேட்டா, உங்க தெருவுலதான் குழாய் இருக்குதேம்மா, இன்னொண்ணு எப்டி தருவோம்ன்றான்."

அந்தக் குழாய் போர்டை எழுதியது நான் இல்லை, எனக்கு முன்னால் இருந்தவர். இருந்தும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் விளங்கிற்று. இல்லாததை இருக்கிறது என்று எழுதினால், அது பணம் போவதோடு முடிவதில்லை. இனிமேல் அது வரவே வராது.

பூபாலனிடம் போய்ச் சொன்னேன். கையில் டீயைக் கொடுத்துவிட்டுத் தோளில் கை போட்டார். பில் வந்தால்தானே சிமெண்டு வாங்க முடியும், மீதியை மழைக்கப்புறம் போட்டுவிடலாம், நீ எழுது தம்பி என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பெரியவர்கள் எதைச் சொன்னாலும் எனக்கு நியாயமாகத்தான் படும். போர்டில் என் பெயர் வருமே என்று இழுத்தேன். அதற்கென்ன, இந்த ஒரு போர்டில் பெயர் போடாதே என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சுமதி சிரித்தாள். "பேரு போடலன்னா? உன் 'ழ'வுக்கு எம்மா நீளம் வாலு. அதப் பாத்தாலே தெருநாய்க்குக்கூட தெரியும் நீ எழுதினதுன்னு." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டாள். "பாதி போட்டா பாதின்னு எழுதி பாதிக்கு பில்லு வாங்கட்டுமே. யாரு வேணான்னது?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. பூபாலனை நினைத்துப் பயம், ஆபீசை நினைத்துப் பயம், வேலை போய்விடுமோ என்று பயம். எல்லாப் பயத்தையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று நின்றது. ஐப்பசியில் அந்தத் தெருவில் சைக்கிளில் போகிறேன். ஒரு பக்கம் தறிக்குழியிலிருந்து தண்ணீரை மொண்டு கொட்டுகிறார்கள். எதிர்ச்சுவரில் என் 'ழ' நீட்டமாக வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பயத்தோடு மட்டும் என்னால் குடித்தனம் செய்ய முடியாது.

மறுநாள் கோயில் பக்கத்துப் பேரூராட்சிப் பம்ப் ரூம் சுவரில் எழுதினேன். "மாரியம்மன் கோயில் முதல் வள்ளியம்மாள் வீடு வரை." மூலையில் என் பெயர். அவர் பெயரைப் போடலாமா என்று வள்ளியக்காவை முன்னாடியே கேட்டுவிட்டேன். "போடு. ரேஷன் கார்டத் தவிர என் பேர எவன் எழுதியிருக்கான்" என்றார்.

அடுத்த நாள் போனால் சுவர் வெள்ளையாக இருந்தது. பூபாலன் ஆள் சுண்ணாம்பு அடித்துவிட்டிருந்தான். திரும்ப எழுதினேன். திரும்ப அடித்தார்கள். பெயிண்டு என் காசு. சுமதி நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டாமல் கோடு போட்டது அப்போதுதான். எனக்கு அதுவும் பயமாக இருந்தது.

பூபாலன் வேறு பெயிண்டரைக் கூட்டி வந்தார். வந்தவன் ஜோதி, கூரம் கிராமத்துக்காரன், தொழிலில் எனக்குப் போட்டி. எங்களுக்குள் நல்ல பேச்சுவார்த்தைகூடக் கிடையாது. ஆனால் எழுதுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் பெயர் போட்டு முடித்த எழுத்தின் மேல், அவனைக் கேட்காமல் இன்னொருவன் எழுத மாட்டான். எனாமல் மேல் அடித்த சுண்ணாம்பு காய்ந்தால் அடியில் இருப்பது நிழலாகத் தெரியும். ஜோதி அதைப் பார்த்துவிட்டுப் பெயிண்டு டப்பாவைத் திறக்காமலே என்னிடம் வந்தான். ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டான். கூட்டிக்கொண்டு போய்க் கால்வாய் முடிகிற இடத்தைக் காட்டினேன். செருப்பால் மண்ணைக் கிளறிப் பார்த்தான். "சுண்ணாம்பு நல்லா காயட்டும்னு சொல்லிட்டுப் போறேன்" என்று சைக்கிளை எடுத்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

பம்ப் ரூம் ஆபீஸ் சுவர், அங்கே பூபாலன் ஆட்கள் அடித்துக்கொண்டே இருப்பார்கள் என்று வள்ளியக்காவிடம் சொன்னேன். "என் செவுரு என்னுதுதானே. இங்க எழுது" என்றார். கால்வாய் சரியாக முடிகிற இடம். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும், ஒன்பதாவது முடித்திருந்தால் தோன்றியிருக்குமோ என்னவோ. பாதி எழுதும்போது பூபாலன் பைக்கில் வந்து இறங்கினார். அக்கம்பக்கத்தில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"இன்னா தம்பி, உன்ன பயந்தாங்கொள்ளின்னு இல்ல சொன்னாங்க" என்றார் பூபாலன்.

"பயமாத்தான் இருக்குதுண்ணா. அதான் எழுதறேன்."

அந்த 'வரை'யில் 'ரை' கொஞ்சம் கோணலாக இருக்கும், போன வாரமும் பார்த்தேன். மூலையில் பெயரையும் போட்டுவிட்டுத்தான் ஏணியிலிருந்து இறங்கினேன்.

போட்டோ எடுக்க ஓவர்சியர் வந்தார். நல்லவரா கெட்டவரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் கால்வாய் முனையும் வள்ளியக்கா பெயரும் சேர்ந்தே விழுந்தன. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போர்டு எழுதுகிறவன் போர்டை மட்டும் பார்க்க வேண்டும் என்றார். போர்டைத்தான் சார் பார்த்தேன் என்றேன். வாசல்களில் நின்றவர்களை ஒரு முறை பார்த்தார், கேமராவை உறையில் போட்டார். "மீதியப் போட்டுட்டு கூப்பிடுங்க பூபாலன். எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குது" என்றார். பயம் எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

மீதியைப் போட்டார்கள். அவசரமாக, கொஞ்சம் மட்டமாகத்தான். ஆனால் மழைக்கு முன்னால் குளம் வரை போய்ச் சேர்ந்தது. அந்த ஐப்பசியில் தண்ணீர் வள்ளியக்கா வாசலைத் தாண்டிப் போனதைக் குடை பிடித்துக்கொண்டு போய் நின்று பார்த்தேன். "இன்னா, தண்ணி மேலயுமா சந்தேகம்?" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். எழுத்தை அழித்து "குளம் வரை" என்று மாற்றுகிறேன் என்றதற்கு, என் பேர் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுவிட்டார்.

ஆபீசில் என்னை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. கொஞ்ச காலம் நம்பர் பிளேட் எழுதினேன், பிறகு அதற்கும் ஸ்டிக்கர் வந்துவிட்டது. கடன் வாங்கி ஆட்டோ எடுத்தேன். அன்றைக்கு அப்படி எழுதினதற்காக வருத்தப்படுகிறேனா என்று சுமதி எப்போதாவது கேட்பாள். நான் எதற்குத்தான் வருத்தப்படுவதில்லை? அதற்கு மட்டும் இல்லை.

வள்ளியக்கா இப்போது இல்லை. அவர் மகள் கட்டப்போகிற வீட்டுக்கு முன்பக்கம் முழுக்க டைல்ஸாம். தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் டைல்ஸ்தான், பிரஷ் வைத்தால் வழுக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடப்பாரை இறங்கியது. 'வீடு' ஒரு பக்கம் விழுந்தது, 'வரை' ஒரு பக்கம். அந்தப் பெண் என் பெயர் இருந்த காரைத்துண்டை எடுத்துக் கொடுத்தது. கையில் வாங்கியதும் உதிர்ந்துவிட்டது.

திரும்பி வரும்போது மெயின் ரோட்டு முனையில் ஒரு பையன் கம்பத்தில் பிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்தான். புதுக் கால்வாய் வேலையாம். பெரிது பெரிதாக முகங்கள், வணக்கம், வாழ்த்து. கீழே எறும்பு சைஸில் அளவு. வண்டியை நிறுத்திக் கண்ணாடி போட்டுப் படித்தேன்.

"தம்பி, இது யாருபா எழுதினது?"

"எழுதலண்ணா, பிரிண்ட்டு."

"இந்த நீளம் தப்பா இருந்தா யாரப் போயி கேக்கறது?"

பையன் முன்னால் பார்த்தான். பின்பக்கமும் புரட்டிப் பார்த்தான். "யார் பேரும் இல்லியேண்ணா" என்றான்.

வலது மூலையை நானும் பார்த்தேன். ஒரு ஆள் சாய்வாகத் தன் பெயரை எழுதுகிற அளவுக்கு அங்கே இடம் இருந்தது. வெறும் வெள்ளை. வண்டியை ஓரம்கட்டிப் பூட்டினேன், பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன், கால்வாய் போகிற பக்கமாக நடக்க ஆரம்பித்தேன்.