கரி படியாத இடம்

நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பேசக் கூச்சப்படுகிறவளுக்குக் காரைப் போல வசதி வேறில்லை. பஸ்ஸில் யாரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டாம். ஆட்டோக்காரரிடம் வழி சொல்ல வேண்டாம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் எண்ணூரிலிருந்து காசிமேடு வரை வாயைத் திறக்காமல் போய்வரலாம். ஹாரன் அடிக்கக்கூட எனக்குக் கூச்சம்தான். முன்னால் போகிறவர் தானாக ஒதுங்கும்வரை பின்னாலேயே போவேன்.

வண்டி பழையது. டீசல், டர்போ வைத்தது. டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சின்ன விசிறி என்று என் வீட்டுக்காரர் விளக்கியிருந்தார். அவர் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சக்கரம் உள்ள எதைப் பற்றியும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருக்கும்.

வாரத்தில் ஐந்து நாள் காலையில் பக்கத்து வீட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்குப் போவேன். அக்கா மீன் வியாபாரம். அங்கே ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் பெட்டிகளில் போட்டுப் பின்னால் அடுக்கி, தானும் பின் சீட்டில் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். திருவொற்றியூர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு நான் வீட்டுக்கு வருவேன். எனக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவதால் எங்கள் கூட்டு நன்றாக ஓடியது.

வண்டிதான் ஓடவில்லை. ஓடவில்லை என்றால் நின்றுபோகவில்லை. தயங்கியது. மூன்றாவது கியரில் வேகம் எடுக்க ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒன்றும் நடக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணுவேன். பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோலக் குபீரென்று பாயும். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வரும் எங்கள் சாலையில் அந்த மூன்று எண்ணிக்கை ரொம்ப நீளம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"வண்டி கும்முனு கீது. வண்டி தயங்கலமே, நீதான் தயங்குற. உன் கால்ல கீது கோளாறு."

நானும் முதலில் நம்பினேன். பால்காரரிடம் அரை லிட்டர் கூடுதலாகக் கேட்கவே இரண்டு நாள் யோசிக்கிறவள் நான். என் கூச்சம் காலுக்கும் இறங்கியிருக்கலாம். வீட்டில் யாரும் இல்லாதபோது நாற்காலியில் உட்கார்ந்து, காலுக்கடியில் செருப்பை வைத்து, தயங்காமல் மிதித்துப் பழகினேன். செருப்பு நன்றாக அமுங்கியது. வண்டி அப்படியேதான் இருந்தது.

அதன்பிறகு வண்டி எப்போதெல்லாம் தயங்குகிறது என்று தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்னால் எழுதிவைக்க ஆரம்பித்தேன். தனியாகப் போனால் இல்லை. அக்காவும் பெட்டியும் இருந்தால் உண்டு. முதல் கியரில் இல்லை. மேம்பாலம் ஏறும்போது கட்டாயம் உண்டு. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒன்றுதான். எட்டுத் தாள் சேர்ந்தது. யாரிடமும் காட்டவில்லை.

திருவொற்றியூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு வீட்டுக்காரர் வண்டியை எடுத்துப்போனார். போவதற்கு முன்னால் வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, சோப்புத் தூளும் பிரஷ்ஷுமாக இன்ஜினைத் தேய்த்துக் கழுவினார்.

"இன்னாத்துக்குங்க இப்ப கழுவுறீங்க?"

"டாக்டராண்ட போவ சொல்லோ குளிச்சிட்டுத்தானே போவோம்? கலீஜா இட்டுகினு போனா இன்னா நெனைப்பான்?"

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். அனல்மின் நிலையமும் நிலக்கரி இறக்கும் துறைமுகமும் பக்கத்தில் என்பதால் காற்றில் எப்போதும் கரித்தூள் இருக்கும். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரல் வைத்தால் அச்சு விழும். துணி, பாத்திரம், வண்டி எதுவானாலும் நாலு பேர் பார்க்கும் இடத்துக்குப் போவதென்றால் கழுவித்தான் போகும். எங்கள் சமையலறை ஜன்னலில் கண்ணாடியின் ஒரு மூலை உடைந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாகக் காற்று வீசுகிற இடத்தில் மட்டும் கட்டையில் கரி நிற்காது. மயில் தோகை மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். தினமும் துடைக்கிறவளுக்குத்தான் அது தெரியும்.

மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தாராம். ஒன்றும் காட்டவில்லையாம். ஏர் ஃபில்டரை மாற்றினார். வண்டி தயங்கியது. மறுபடி வீட்டுக்காரர் கழுவி எடுத்துப்போனார். மெக்கானிக் டீசல் ஃபில்டரை மாற்றினார். வண்டி தயங்கியது. "டர்போ வண்டின்னா கொஞ்சம் மூச்சு புடிச்சிட்டுத்தான் ஓடும்" என்று மெக்கானிக் சொன்னதை வீட்டுக்காரர் வந்து சொன்னார். அதோடு என் கால் மீதான வழக்கு முடிந்தது.

முடிந்த வழக்கை ஒரு புதன்கிழமை லாரி ஒன்று திரும்பத் திறந்தது. விம்கோ நகர் பக்கம் சந்திலிருந்து திரும்பிப் பெரிய சாலையில் ஏறி மூன்றாவது கியர் போட்டேன். மிதித்தேன். ஒன்று. இரண்டு. பின்னால் கன்டெய்னர் லாரியின் பிரேக் சீறியது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாக்கா, ஓட்றியா, தள்ளிகினு போறியா?"

அக்கா கண்ணாடியை இறக்கி அவருடைய மூன்று தலைமுறைக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் தெருக்குழாயடியில் லாரி வந்த தூரம், பிரேக் போட்ட சத்தம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் காதிலும் விழுந்தது.

அவர் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "போதும்மே. ஞாயித்துக்கெழம வண்டிய வியாசர்பாடில என் தம்பியாண்ட வுட்டுர்லாம். அவன் ஓட்டட்டும். நீ பஸ்ல போ" என்றார். பயந்துபோய்ச் சொன்னார் என்று தெரிந்தது. வண்டி போவது ஒரு பக்கம். இனி வாழ்நாள் முழுக்க, ஓட்டத் தெரியாததால் வண்டியைக் கொடுத்துவிட்டவள் என்று என்னைச் சொல்வார்கள். இல்லை என்று சொல்ல என்னிடம் எட்டுக் காலண்டர் தாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் காலை ஷிஃப்ட். காசிமேட்டிலிருந்து திரும்பும்போது மார்க்கெட்டுக்குப் போகாமல் வண்டியை ஷெட் பக்கம் திருப்பினேன்.

"இன்னாடி, எங்க போற? ஐஸ் உருகுதுடி!" என்றது அக்கா.

"அஞ்சு நிமிஷங்க்கா."

வண்டியைக் கழுவவில்லை. ஐந்து நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. குடிக்கவே எண்ணிக் குடித்துக்கொண்டிருந்தோம். கரி பூசிய வண்டியில் போய் இறங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

மெக்கானிக்குக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் டீ கிளாஸோடு வந்தார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"லோடு இருந்தாத்தானா? உங்க வூட்டுக்கார நைனா இத்த சொல்லவே இல்லியே. பிக்கப் கம்மின்னுதான சொன்னாரு? நான் காலி வண்டியத்தான் ஓட்டிப் பாத்தேன்." பிறகு பின் சீட்டைப் பார்த்தார். "ஆயா, நீ எறங்காத. அப்டியே குந்து. ஒரு ரவுண்டு போலாம்."

"யார்ரா ஆயா? உங்கம்மா வயசுடா எனக்கு. என்னை வெச்சி எடை போட்றியா?"

"சரி அம்மா, குந்திக்கோ."

அவர் முன்னால் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். மூன்றாவது கியர். ஒன்று, இரண்டு, மூன்று. குபீர். என் வாழ்க்கையில் ஒரு கோளாறுக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"ஆமாக்கா, தயங்குது" என்றார் மெக்கானிக்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து அக்கா, "இதோ, திரும்பவும் பாரு! இன்னிக்கு இவனாண்டயே கேட்டுர்றேன்" என்று பொங்கியது. "மூணு மாசமா பாக்குறேன். நான் குந்துனா உஸ்ஸு உஸ்ஸுன்னு பெருமூச்சு வுட்றா. மீன் நாத்தம் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லேன்டி. நான் பஸ்ல போய்க்கிறேன். எதுக்குடி உஸ்ஸுன்னு?"

அந்தச் சத்தம் என் காதிலும் விழுந்ததுதான், பக்கத்து லாரிகளின் பிரேக் என்று விட்டிருந்தேன். மூன்று மாதமாக அக்கா அதை மனதில் வைத்துக்கொண்டா என் வண்டியில் வந்தது? "நான் இன்னிக்கும் வுடலக்கா, எப்பவும் வுட்டதில்ல" என்றேன். குரல் எழும்பவில்லை.

"நீ வுடலன்னா யாரு, வஞ்சிர மீனா வுட்டுச்சு?"

மெக்கானிக் திரும்பி அக்காவையே பார்த்தார். "அம்மா, எப்ப கேக்குது அந்த உஸ்ஸு? இவங்க மிதிக்க சொல்லோவா?"

"அப்பத்தான். முன்னாலருந்து வருது."

"யக்கா, ஓரங்கட்டு."

ஒரு சுற்று முடிந்து வந்திருந்த ஷெட் வாசலிலேயே நிறுத்திப் பானெட்டைத் திறந்தோம். ஒரு வாரக் கரி. இன்ஜின், பேட்டரி, ஒயர் எல்லாம் ஒரே கருப்பு. எனக்கு முகம் கூசியது. மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டுக் குனிந்து காதை வைத்துக் கேட்டார். நிற்கும் வண்டியில் சத்தம் இல்லை. ஹோஸ்களைத் தடவிப் பார்த்தார். கிழிசல் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார்.

நான் பேட்டரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பக்கவாட்டில் ஒரு இடத்தில் மட்டும் கரி இல்லை. யாரும் துடைத்தது மாதிரி இல்லை. துடைத்தால் கோடு இருக்கும். இது அடியில் குறுகி மேலே விரிந்து, மயில் தோகை மாதிரி இருந்தது. எங்கள் சமையலறை ஜன்னல் கட்டையேதான்.

"இங்க காத்து வீசுது" என்றேன்.

"இன்னாக்கா?"

கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "இந்த எடத்துல மட்டும் கரி நிக்கல. எங்கயோ ஓட்ட கீது. அதுலருந்து காத்து இங்க அடிக்குது."

அவர் அந்தத் தோகையின் காம்பு காட்டும் பக்கம் விரலைக் கொண்டுபோனார். அங்கே டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் தடித்த ரப்பர் ஹோஸ் இருந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஹோஸை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தார். கிளாம்ப் ஓரத்தில், பேட்டரியைப் பார்த்த பக்கத்தில், ரப்பர் மெல்லத் திறந்தது. கையை எடுத்ததும் ஒட்டிக்கொண்டது. அப்போது பார்த்தால் கோடுகூடத் தெரியவில்லை.

பின் சீட்டிலிருந்து இறங்கி வந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தது. "அடியே, மீன் செவுள் மாதிரி கீதுடி! மூடுது, தொறக்குது!"

அதற்குமேல் மெக்கானிக் விளக்கவே தேவையில்லை. இருந்தாலும் விளக்கினார். சும்மா ஓடும்போது காற்றுக்கு அழுத்தம் இல்லை, செவுள் மூடியிருக்கும். பாரம் ஏற்றி மிதித்தால் டர்போ காற்றை அழுத்தும், செவுள் திறந்து பாதிக் காற்று வெளியே ஓடிவிடும். மூச்சு பத்தாமல் இன்ஜின் திணறும், கூடவே கரும்புகை கக்கும். எண்ணூரில் கரும்புகையை யார் கவனிக்கப் போகிறார்கள்? கடைசியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஒவ்வொரு தபாவும் நைனா பளபளன்னு கழுவி எடுத்துகினு வந்தாரு. இப்டியே எடுத்துகினு வந்திருந்தா அன்னிக்கே பாத்திருப்பேன்" என்றார்.

அக்காவை மார்க்கெட்டில் இறக்கிவிடும்போது ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது. அக்கா திட்டவில்லை. போகும்போது ஜன்னலில் குனிந்து, "பெருமூச்சு வுட்ற ஆளு நீ இல்லன்னு எனக்குத் தெரியும்டி" என்றது. மூன்று மாதம் தெரியாமல் இருந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் புது ஹோஸ் மாட்டியாயிற்று. வீட்டுக்காரரிடம் பழைய ஹோஸைக் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொன்னேன். வளைத்தார். செவுள் திறந்தது. விட்டார், மூடியது. நாலைந்து தடவை அதையே செய்தார். என் காலை ஒரு தடவை பார்த்தார். பிறகு மூலையில் இருந்த பிரஷ்ஷையும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வியாசர்பாடிக்குக் கிளம்பினோம். சாப்பிடத்தான் போகிறோம் என்றார். சாவி என் கையில் இருந்தது. அக்காவும் மகள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று பின்னால் ஏறிக்கொண்டது. நான் கேட்காமலே இரண்டு பெட்டியையும் தூக்கி வைத்தது. காலிப் பெட்டிதான், இருந்தாலும் ஒரு துணைக்கு என்றது.

பெரிய சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிக்கு நடுவில் இடம் கிடைத்தது. மூன்றாவது கியர். மிதித்தேன். ஒன்று என்று எண்ணுவதற்குள் முன்னால் இருந்த லாரியின் நம்பர் பிளேட் கண்ணுக்கு நேரே வந்துவிட்டது.

"மெதுவாம்மே, மெதுவா!" வீட்டுக்காரர் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் அக்கா கைதட்டியது.

அவருக்கு போன் வந்தது. தம்பிதான். வண்டி தனக்கு வருகிறதா இல்லையா என்று கேட்டிருக்க வேண்டும்.

"இல்லப்பா, வண்டி இங்கயே இருக்கட்டும். ஒரு சின்ன கோளாறு இருந்துச்சு. ஹோஸ்ல காத்து போய்கினு இருந்துச்சு. பாத்துட்டோம்."

எனக்குக் கண் சாலையில் இருந்தது. "பாத்துட்டேன்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் இப்போது வண்டியில் உஸ்ஸென்ற சத்தம் இல்லை, எல்லாம் நன்றாகக் கேட்கிறது. அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி காதில் வைத்தார்.

"உங்க அண்ணிதான்பா பாத்துச்சு" என்றார்.