மேகம் மறைக்காத வெயில்

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து என்றால் அய்யாத்துரையைத்தான் கூப்பிடுவார்கள். கவாத்து வெட்டுகிறவன் பந்தலுக்கு அடியில் நின்று பொழுதன்னைக்கும் அண்ணாந்தே இருக்க வேண்டும். எந்தக் கொப்பு முற்றியது, எது இன்னும் பச்சை என்று பார்த்து வெட்ட வேண்டும். தப்பாக வெட்டினால் அந்தப் போகம் இலைதான் மிச்சம். மனைவி ராஜாத்தி பின்னாலேயே வந்து, வெட்டாமல் விட்ட கொப்புகளைக் கம்பியில் இழுத்துக் கட்டுவாள். வேலை நகர நகர, தலைக்கு மேல் கம்பியும் வானமும் மட்டும் இருக்கும். இருபத்திரண்டு வருடம் இப்படி வானத்தைப் பார்த்ததற்கு, 2007-இல் அய்யாத்துரைக்கு வலது கண்ணில் சதை வளர்ந்தது. வானத்திலிருந்து அவருக்கு வேறெதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

தேனியில் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "இதுக்குச் சூடு காரணமில்ல. வெயில்ல கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒண்ணு இருக்கு. அது எவ்வளவு கடுமைன்னு தினமும் ஒரு நம்பர் போடுவாங்க. யூவி இண்டெக்ஸ்னு பேரு. மூணுக்கு வந்தாலே தொப்பி, கறுப்புக் கண்ணாடி வேணும். எட்டுக்கு மேல போனா உச்சி நேரத்துல வெளிய நிக்கக் கூடாது. நம்ம பக்கம் மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் போகும்."

"அந்த நம்பர எங்கன போய் பாக்க?"

"உங்க நிழலைப் பாருங்க. உங்களை விடக் குட்டையா இருந்தா நம்பர் கூடிருச்சுன்னு அர்த்தம். இன்னொரு தடவை சதை வளந்து கருவிழிக்கு நடுவுல வந்தா பார்வை போயிரும், ஜாக்கிரதை."

அய்யாத்துரை பயந்துபோனார். கொப்பு பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. மணிக்கொரு தரம் பந்தலை விட்டு வெளியே வந்து வரப்பில் விறைப்பாக நிற்பார். ராஜாத்தி அவர் நிழலை அடி வைத்து அளப்பாள். தோட்டத்து ஆட்கள் சும்மா இருப்பார்களா? "மாமா, இன்னைக்கு எம்புட்டு வளந்திருக்கீக?" என்று தினமும் விசாரித்தார்கள்.

காலை ஒன்பதரைக்கே நிழல் குட்டையாகிவிட்டது. அதற்காக வீட்டுக்குப் போக முடியுமா? கண்ணாடியை மாட்டினார். கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சைக் கொப்பும் முற்றின கொப்பும் ஒரே நிறம். ஒரு வரிசை முழுக்கப் பச்சையை முற்றினது என்று நினைத்து வெட்டிவிட்டார். தோட்டத்துச் சொந்தக்காரர் பக்கீர் முகம்மது ராவுத்தர் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் பேசினார். அது இன்னும் மோசம்.

நல்லவேளையாக ஆடி பிறந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. வானமெங்கும் வெள்ளையாக மெல்லிய மேகம். அய்யாத்துரை வரப்பில் போய் நின்று பார்த்தார். நிழலே இல்லை. நிழல் இல்லை என்றால் நம்பரும் இல்லை. கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"இன்னைக்கு நம்பரு சைபரு, ஆத்தா" என்றார் ராஜாத்தியிடம். சில்லென்ற காற்றில், உச்சிப் பொழுதுக்குக்கூட ஓயாமல், நாற்பது நாள் சந்தோஷமாக அண்ணாந்து பார்த்தார்.

கார்த்திகைக்குள் சதை மறுபடியும் வளர்ந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் நிழல் கணக்கை ஒளிக்காமல் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் முழுசாச் சொல்லாதது தப்புதான். நிழல் விழுற நாளைக்குத்தான் அந்தக் கணக்கு. மெல்லிசு மேகம் சூட்டைக் குறைக்கும், இந்தக் கதிரைப் பெருசாத் தடுக்காது. காத்தும் தடுக்காது. நீங்க சைபர்னு நின்ன மத்தியானம் எட்டு, ஒம்பது இருந்திருக்கும்."

அய்யாத்துரைக்கு மேகத்தின் மேல் கோபம் வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

"கருவிழி ஓரத்துலதான் நிக்குது, எடுத்துரலாம்" என்று டாக்டரம்மா சீட்டு எழுதி நீட்டினார். ராஜாத்தி வாங்கக் கை நீட்டினாள். கை சீட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. டாக்டரம்மா அவளை உட்கார வைத்து டார்ச் அடித்தார். இரண்டு கண்ணிலும் சதை. இடது கண்ணில் நடுவை எட்டிப் பிடித்திருந்தது.

"எப்ப இருந்தும்மா மங்கல்?"

"இவுகளுக்கு மொத ஆபரேசன் பண்ணுனப்பவே இருந்துச்சு. மருந்து ஊத்துனா கண்ணுக்குள்ள விழுந்துச்சா இல்லையான்னு தெரியாது. இவுக கன்னத்தத் தடவிப் பாப்பேன். ஈரமா இருந்தா இன்னொரு சொட்டு விடுவேன்."

"ஏன் சொல்லல?"

"இவுக கண்ணுக்குத்தானம்மா வந்தோம்."

அய்யாத்துரைக்கு வெட்கமாக இருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில், தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல், அதே வானத்தை அவளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கண்ணை அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை. பச்சைக் கொப்பு எது என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

"யாருக்கு முதல்ல தேதி போட?" என்றார் டாக்டரம்மா.

"அவளுக்குப் போடுங்க. கூட இருந்து மருந்து நான் ஊத்துறேன்."

ராஜாத்தி பதறினாள். "கவாத்து பாதியில கெடக்கே! ராவுத்தர் ஏசுவாகளே!"

"கெடக்கட்டும்" என்றார் அய்யாத்துரை.